கை நீட்டினார் என்று சொல்லாதே

அன்பு மகனுக்கு,

நீ போன கிழமை அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். உன் அம்மாவும் கேட்டாள். கேட்டு முடித்ததும் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அவள் களைந்த வேகத்துக்கு அரிசியில் பாதி தண்ணீரோடு போயிருக்கும். உடனே உன்னைக் கூப்பிட்டுப் பேசத்தான் நான் போனை எடுத்தேன். "வேணாம், நீங்க போன்ல கத்துனா அம்பிட்டியச் சந்தி வரைக்கும் கேக்கும். உக்காந்து எழுதுங்க, எழுதுறப்ப சத்தம் வராது" என்று பிடுங்கி வைத்துவிட்டாள். அவள் சொல்வதும் சரிதான். போனில் நான் தொடங்கினால் நீ "சரிப்பா, சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது அங்கேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதை நான் ஒட்டி மூடிய கடிதமாக எழுதவில்லை. யாராவது பத்திரிகையில் போடுவதாக இருந்தால் போடட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன் பெயரை எழுதவில்லை. மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், அவர்கள் இருந்த ஊரையும் சொல்லவில்லை. பிள்ளைகள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும் அல்லவா? ஆனால் உன் வார்த்தைகளை மாற்றவில்லை. நீ சொன்னது இது: "அப்பா, அண்ணிய எப்படியாச்சும் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பி வைங்க. கேஸ வாபஸ் வாங்கச் சொல்லுங்க. அண்ணன் இல்லாம நான் எப்படி மணவறையில உக்காருறது? கல்யாண நேரத்துல நம்ம குடும்பம் ரெண்டா நிக்கிறது நல்லாவா இருக்கு? அவரு கை நீட்டுனது தப்புதான். நானும் பேசியிருக்கேன். இனிமே நீட்ட மாட்டாரு."

படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இவன் அண்ணன் என்று சொல்வது என் அண்ணன் மகன் சுதாகரை. அண்ணி என்பது சுதாகரின் மனைவி ஜெயந்தி. அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கவி மூன்றாம் வகுப்பு. சின்னவன் இன்னும் பாலர் பாடசாலை. தாயும் பிள்ளைகளும் இப்போது கண்டியில் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். சுதாகர் அவர்கள் இருக்கும் இடத்துக்கு வரக்கூடாது என்று நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை கொடுத்திருக்கிறது. என் மகனுக்கு வருகிற மாதம் கல்யாணம். அதில் சுதாகர்தான் மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டும் என்று இவனுக்கு ஆசை. அவன் நின்றால் இவர்கள் மூவரும் அந்த மண்டபத்துக்குள் வர முடியாது. இவர்கள் வந்தால் அவன் வர முடியாது. ஆகவே வழக்கைக் கரைத்துவிட்டால் எல்லோரும் ஒன்றாக நின்று படம் எடுக்கலாம் என்று என் மகன் வழி கண்டுபிடித்திருக்கிறான்.

கை நீட்டுவது. நாம் பஸ்ஸை மறிக்கக் கை நீட்டுகிறோம். கோயிலில் விபூதிக்குக் கை நீட்டுகிறோம். கடையில் நான் விரித்துக் காட்டுகிற சேலையைத் தொட்டுப் பார்க்க ஆட்கள் கை நீட்டுகிறார்கள். சுதாகர் எதற்கடா நீட்டினான்? ஜெயந்தியின் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து அலுமாரியில் மோதினான். விழுந்தவளை முதுகில் உதைத்தான். தாயின் காலைக் கட்டிக்கொண்டு நின்ற சின்னவனைக் காலால் ஒதுக்கினான், வழியில் கிடக்கும் பூனையை ஒதுக்குவது போல. இதற்குத் தமிழில் அடி என்று பெயர், உதை என்று பெயர். இருக்கிற சொல்லை விட்டுவிட்டு நாம் எல்லோரும் ஏன் கையை நீட்டிக்கொண்டு திரிகிறோம்? பெரியப்பா வீட்டில் அதே சொல். உன் அத்தை வீட்டில் அதே சொல். படித்த நீயும் கொழும்பில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு அதே சொல்லைச் சொல்கிறாய்.

அந்தச் சொல் என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. நாங்களும் உன்னிடம் முழுவதும் சொல்லவில்லை. கவியைப் பள்ளிக்கூடத்தில் சிங்கள வகுப்பில் சேர்த்தது சுதாகர்தான். "சித்தப்பா, இவ பேசுனா தமிழ்ப் புள்ளன்னு யாருமே சொல்ல மாட்டாங்க" என்று உன் நிச்சயதார்த்தத்தில் அவன் பெருமையடித்தது உனக்கு நினைவிருக்கும். ஜெயந்தியோ தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் தமிழில் படித்தவள். கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் அவளுக்குச் சிங்களம். அடி வாங்கிய மறுநாள் காலை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவதாக உடுப்பு மாட்டி, வெளியே வந்து, நேராகப் பொலிஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே அந்த நேரத்தில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. மேசையில் இருந்தவர் ஜெயந்தி திணறுவதைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் நின்ற கவியைக் கூப்பிட்டு, "மகளுக்குச் சிங்களம் தெரியும்தானே, அம்மா சொல்றத நீங்க சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார்.

நீ ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார். முதல் நாள் தாய் அடி வாங்கியதைக் கதவோரம் நின்று பார்த்த மகள். அந்த மகளின் முகத்தைப் பார்த்து, "உன் அப்பா என்னை உதைத்தார் என்று இவரிடம் சொல்லு" என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்? ஜெயந்தியால் முடியவில்லை. பிள்ளைக்காக வார்த்தையை மெத்தென்று ஆக்கினாள். "அப்பா அம்மா மேல கை நீட்டிட்டாருன்னு சொல்லும்மா" என்றாள். கவி கெட்டிக்காரி. சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் சொன்னாள். "அத்த திக் கெருவா" என்றாள். கையை நீட்டினார், அவ்வளவுதான். சிங்களத்தில் அதற்கு அடித்தார் என்று பொருள் வராது. அந்த மனிதர் தன் கையை முன்னால் நீட்டி, "இப்படியா?" என்று கேட்டாராம். பிள்ளை ஆமாம் என்றதாம். அவர் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார்.

ஜெயந்தி பட்ட அடியெல்லாம் முடிக்குள்ளும் சேலைக்குள்ளும் இருந்தது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆகவே புருஷன் கையைக் காட்டி ஏசினான், மனைவி கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். புத்தி சொன்னார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டொபி கொடுத்தார். கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அந்த டொபியை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதோடு விட்டாரா? சுதாகரின் நம்பரைக் கவியிடமே கேட்டு வாங்கி, வந்து மனைவியைச் சமாதானமாகக் கூட்டிப்போகச் சொல்லி அவனுக்கே போன் போட்டார். அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஜெயந்திக்குச் சிங்களம் தெரிந்திருந்தது. சின்னவனுக்கு அவசரமாக ஒன்றுக்கு வருகிறது என்று சைகையில் சொல்லிவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய், கண்டிக்கு வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். அந்தப் பஸ் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் இன்றைக்கு நீ யாரைச் சமாதானப்படுத்தச் சொல்லி எனக்குப் பதிவு அனுப்பியிருப்பாய்?

நான் கடையில் ஒரு பெண் வீட்டாருக்குக் கூறைச்சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் மழையில் நனைந்துபோய் வாசலில் நின்றார்கள். கவிதான் நேராக என்னிடம் வந்து, "தாத்தா, நான் தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதையம்மா தப்பாகச் சொன்னாய், பரீட்சையா என்றேன். பிறகு உன் அம்மா வந்து கூட்டிப்போய், ஜெயந்திக்குப் பிளேன்டீ கொடுத்து உட்கார வைத்த பிறகுதான் முழுக் கதையும் தெரிந்தது. அந்தப் பிள்ளை இன்னும் தன் சிங்களம் பிழைத்ததால்தான் பொலிஸ் மாமா சிரித்தார், அதனால்தான் அப்பாவுக்குப் போன் போனது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன் அம்மா எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். தலையாட்டுகிறாள். ஆனால் நம்பினதாகத் தெரியவில்லை.

மறுநாள் நான் லீவு போட்டுக்கொண்டு ஜெயந்தியை வேறொரு பொலிஸ் நிலையத்தில் இருக்கிற பெண்கள், சிறுவர்கள் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், நானே சொல்லிவிடலாம் என்று தயாராகப் போனேன். அங்கே இருந்தது ஒரு முஸ்லிம் பெண் பொலிஸ். நான் வாயைத் திறந்ததும் கையமர்த்தினாள். "அங்கிள், நீங்க சொல்ல வேணாம், அவங்க தமிழ்ல சொல்லட்டும். அது அவங்கட உரிமை. நீங்க இந்தப் புள்ளையளக் கூட்டிக்கிட்டு வெளியால போங்க. தாய் பட்ட அடியப் புள்ளட வாயால கேக்க ஏலா" என்றாள். அப்புறம் ஜெயந்தியிடம், "கை நீட்டினாரு எண்டு சொல்லாதீங்க தங்கச்சி. எந்தக் கையால, எங்க, என்ன செஞ்சாரு எண்டு சொல்லுங்க" என்று அவள் கேட்டது கதவைத் தாண்டும்போது என் காதில் விழுந்தது. ஜெயந்தி அன்றுதான் முதல் தடவையாக அதை உள்ளபடி சொன்னாள். ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். சட்டத்தரணியைப் பிடித்தோம். கட்டளை வந்தது. நீ வாபஸ் வாங்கச் சொல்வது இதைத்தான்.

இதற்குள் சுதாகரின் தகப்பன், உன் பெரியப்பா, புசல்லாவையிலிருந்து நான்கு ஆட்களோடு வந்து இறங்கினார். பேசி முடிக்க வந்தார்களாம். நம் ஆட்களுக்கு இந்தப் பேசி முடிப்பதில் இருக்கிற ருசி வேறு எதிலும் கிடையாது. கதிரைகளை வட்டமாகப் போட்டு, வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்து, கல்யாணம் பேசுவது போலவே உட்கார்ந்தார்கள். ஜெயந்தியை மட்டும் நிற்க வைத்தார்கள். உன் அம்மா உள்ளேயிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து சத்தமாக வைத்து அவளை உட்காரச் சொன்னாள். உன் பெரியப்பா தொடங்கினார். "அவன் கோவக்காரன்தான், இல்லேங்கல. ஆனா கெட்டவன் இல்ல. பொம்பள கொஞ்சம் பொறுத்துப் போனா எல்லாம் சரியாகும். இந்தப் புள்ளைங்க முகத்தப் பாரும்மா. தகப்பன் இல்லாம வளக்கப் போறியா?"

புள்ளைங்க முகத்தைப் பாரு. இதைச் சொல்கிற ஒருவராவது அந்த முகத்தைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்கிறேன். நான் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்து அண்ணன் என்றும் பார்க்காமல் கத்தினேன். என் சத்தம் உனக்குத் தெரியும். கத்திக்கொண்டிருந்தவன் திரும்பினால், சின்னவன் வாசலில் தன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நிற்கிறான். கால் மாறிப் போட்டிருக்கிறான். அக்காவின் சப்பாத்தையும் எடுத்துப் பக்கத்தில் சோடியாக வைத்திருக்கிறான். ஆம்பிளைச் சத்தம் ஏறினால் ஓடுவதற்குத் தயாராக வேண்டும் என்று அந்த வயதில் படித்து வைத்திருக்கிறான். பாலர் பாடசாலையில் இன்னும் அவனுக்கு அகரம் முழுதாக வரவில்லை. இது வந்துவிட்டது. அவர்களைப் போகச் சொல்லிவிட்டு நானும் வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் மெதுவாகத்தான் பேசுகிறேன். உன் அம்மா, "இத்தன வருஷம் நான் சொல்லி நடக்காதது, ஒரு சின்னப் பயல் சப்பாத்து மாட்டி நடந்துச்சு" என்கிறாள். சொல்லட்டும். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது.

கோவக்காரன் என்ற கதைக்கு வருகிறேன். நானும் கோவக்காரன்தான். இந்த வயது வரைக்கும் துணிக்கடையில் நின்றவன். காலையில் வந்து, அலுமாரியில் இருக்கிற அத்தனை சேலையையும் இறக்க வைத்து, விரித்து வைத்து, தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்து, கடைசியில் "பொறகு வாறோம் அண்ணே" என்று போகிறவர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! வராத கோபமா? ஒருத்தரையாவது முடியைப் பிடித்து இழுத்தேனா? சேலையை மடித்து வைத்துவிட்டு, போய்த் தண்ணீர் குடித்தேன். சுதாகரும் கோபத்தை எங்கே காட்டுவது, எங்கே காட்டக்கூடாது என்று நன்றாகத் தெரிந்தவன்தான். அவன் முதலாளி அத்தனை ஆட்களுக்கு முன்னால் அவனை ஏசினாரே, நீதானே சொன்னாய், அவரை அடித்தானா? ரோட்டில் வேன்காரன் இடித்துவிட்டுப் போனபோது அடித்தானா? சும்மா நின்றான். வீட்டுக்கு வந்தான். கதவைச் சாத்தினான். முகத்தில் அடிக்கவில்லை. தலைமுடிக்குள் அடித்தான், சேலை மறைக்கிற இடத்தில் உதைத்தான். தன்னை மறந்த கோபம் என்றால், முகம் எது, முதுகு எது என்று பார்த்தா விழும்? இந்தக் கணக்கு கோபத்துக்குத் தெரியாது, மகனே. இது நிதானமாக இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

"என்கிட்ட அண்ணன் ஒரு நாளும் அப்படி நடந்ததில்ல" என்றும் சொல்லியிருக்கிறாய். நான் மறுக்கவில்லை. நீ சின்ன வயதில் பெரஹரா ஊர்வலம் பார்க்கப் போய்க் கூட்டத்தில் தொலைந்தபோது, உன்னைத் தேடிப் பிடித்துத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவன் அவன். வீதி முழுக்க அழுதுகொண்டே வந்திருக்கிறான், உன்னைவிட அதிகமாக. அதையெல்லாம் நான் மறக்கவில்லை, உன்னை மறக்கவும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தோளை நீ இப்போது ஜெயந்தியின் முதுகுக்குச் சாட்சியாகக் கொண்டுவராதே. உனக்கு அவன் செய்த நல்லதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் உன்னிடம் இருப்பதைக் கொடு. அவளையும் பிள்ளைகளையும் எடுத்துக் கொடுக்க உனக்கு யார் அதிகாரம் தந்தது?

அவனோடு பேசியிருக்கிறேன் என்கிறாய். எவ்வளவு நேரம் பேசினாய்? என்ன சொன்னான்? தப்புதான், இனிமேல் இல்லை என்று சொல்லியிருப்பான். அதை ஜெயந்தியிடமும் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறான், கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரம் அணைத்துச் சத்தியமும் செய்திருக்கிறான். அவன் உண்மையாகத் திருந்த வேண்டும் என்றால் அதற்குப் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் அதற்கென்று இருக்கிறார்கள். அவன் போகட்டும். நீயே கூட்டிப்போ, நான் சந்தோஷப்படுவேன். ஆனால் அவன் திருந்துகிறானா இல்லையா என்று பரிசோதிப்பதற்கு ஒரு பெண்ணையும் இரண்டு குழந்தைகளையும் அவன் முன்னால் கொண்டுபோய் வைப்பது என்ன நியாயம்? திருந்தாவிட்டால் யாருக்கு வலிக்கும்? உனக்கா, எனக்கா, வெற்றிலை போட்டுக்கொண்டு வந்த அந்த நான்கு பேருக்கா?

பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட்டாய். நான் மறைக்கவில்லை. முந்தாநாள் நாவலப்பிட்டியிலிருந்து உன் வருங்கால மனைவியும் அவளுடைய தாயும் சேலைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்கக் கடைக்கு வந்தார்கள். வீட்டுக்கும் கூட்டிவந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தாய் ஜெயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். போகும்போது படியில் நின்று என்னிடம் மெதுவாக, "மாமா, அவங்க இதப் பத்தி என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். உன்னைத்தான் கேட்டாள். உன் குரல் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் போட்டுக் காட்டியிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது மகனே. "அவன் வந்து சொல்வாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பெண் சும்மா கேட்கவில்லை. அண்ணி அடிவாங்கினால் இவன் யார் பக்கம் நிற்பான் என்று தெரிந்தால், நாளைக்குத் தனக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு முழு உரிமை இருக்கிறது. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

கல்யாணம் கட்டப் போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். இதுதான் என் புத்தி. உனக்குக் கோபம் வரும், வரட்டும். எழுந்து வெளியே போ, தண்ணீர் குடி, கடலைப் பார், கொழும்பில் கடலுக்கா பஞ்சம்? அவளுக்குக் கோபம் வரும், அதற்கும் இடம் கொடு. உன் வீட்டில் யாரும் உன் காலடிச் சத்தத்தைக் கேட்டு மூச்சைப் பிடிக்கக் கூடாது. நீ வருகிற சத்தம் கேட்டால் பிள்ளைகள் ஓடிவர வேண்டும். வேறு வீட்டில் இப்படி நடக்கிறது என்று தெரிந்தால், சமாதானம் பேசப் போகாதே. அது குடும்பப் பிரச்சினை என்று கதவைச் சாத்தவும் சாத்தாதே. அவர்களுக்கு வேண்டியது புத்தி இல்லை. படுக்க ஒரு பாய், பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் கூட வர ஓர் ஆள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் மாற்றித் தர ஓடித் திரிய இரண்டு கால், "நீ பொய் சொல்லல" என்று சொல்ல ஒரு வாய். இவ்வளவுதான். இதைச் செய்ய நீ பெரிய ஆளாக இருக்க வேண்டியதில்லை.

இனி என் முடிவைக் கேள். ஜெயந்தியிடம் வழக்கை வாபஸ் வாங்கச் சொல்ல மாட்டேன். யாரையும் சொல்லவும் விடமாட்டேன். அவளாக விரும்பி ஒரு வீடு எடுத்துப் போகும் வரை மூவரும் இங்கேதான். கவிக்குக் கண்டியில் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது, அடுத்த கிழமை முதல் போகிறாள். சுதாகர் உன் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றால், அன்றைக்கு நானும் உன் அம்மாவும் இவர்களோடு இந்த வீட்டில் இருப்போம். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. உன் கழுத்தில் மாலை விழுவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்கே தெரியும். உனக்குக் கட்ட வேட்டியை என் கையாலேயே எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளைகளை எங்கேயாவது ஒளித்துவைத்துவிட்டு வந்து என்னால் அட்சதை போட முடியாது.

நேற்றுப் பின்னேரம் உன் அம்மா கல்யாணத்துக்கு யார் யாருக்குச் சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தாள். கவி மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் ஒரு சிவப்புப் பாவாடைத் துணி கொண்டுவந்திருக்கிறேன், உன் கல்யாணத்துக்கு. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்காமலே என்னிடம் கேட்டாள், "தாத்தா, சித்தப்பா கல்யாணத்தன்னிக்கு நாங்க எந்த வீட்டுக்குப் போறது?"

அப்பா வருவாரா என்று அவள் கேட்கவில்லை. நாங்கள் ஏன் போக வேண்டும் என்றும் கேட்கவில்லை. சித்தப்பா யாரைக் கூப்பிடுவார் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. போவது தாங்கள்தான் என்று அவளாகவே முடிவுசெய்துவிட்டாள். எந்த வீட்டுக்கு என்று மட்டும் தெரிந்தால் போதும் அவளுக்கு.

சித்தப்பாவே சொல்வார் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் கேட்டது உன்னை. இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் போனை எடு. என்னைக் கூப்பிடாதே, அவளைக் கூப்பிட்டுச் சொல்.

உன் அப்பா